இருபதாயிரம் மணி நேரம்

16 அக்டோபர் 2023, திங்கள்

காலை பத்தே முக்காலுக்கு இரண்டாம் ஃபர்னஸை அணைத்தேன். இருபதாயிரம் மணி நேரம் முடிந்தது. 2021 ஜூலை முதல் தேதி நானும் பெனாசிரும் சேர்ந்து போட்ட சுவிட்சு. போடும்போது இரண்டு பேர் இருந்தோம்.

உள்ளே இருப்பவை பன்னிரண்டு எஃகுத் துண்டுகள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் அளவு. அணு உலையில் சுடுநீரைச் சுற்றவிடும் பம்பின் உடம்பு எந்த எஃகில் வார்க்கப்படுகிறதோ, அதே எஃகு. அந்தப் பம்ப் நாற்பது, ஐம்பது வருடம் சூட்டில் கிடக்க வேண்டும். அவ்வளவு காலம் யார் காத்திருப்பது? அதனால் கூடுதல் சூட்டில், 350 டிகிரியில் வைத்து, எஃகுக்குச் சீக்கிரமாக வயதேற்றுகிறோம். பிறகு உடைத்துப் பார்க்கிறோம். ஒரே வார்ப்பிலிருந்து வெட்டிய துண்டுகளில் பாதி எங்களிடம், பாதி செக் நாட்டு ஆய்வகம் ஒன்றில் லென்காவிடம். இரண்டு இடத்திலும் ஒரே விடை வந்தால்தான் அதை நம்பலாம் என்பது ஏற்பாடு.

சூடு தணியக் காத்திருந்தபோது அந்த ஜூலை ஞாபகம் வந்தது. எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்த காலம். பெனாசிரை ஒரு மாதத்துக்கு வெறும் கண்களாகத்தான் எனக்குத் தெரியும். முதன்முறை கேன்டீனில் அவள் கவசத்தைக் கழற்றியபோது வேறு யாரோ உட்கார்ந்துவிட்டதாக நினைத்து நான் எழுந்துவிட்டேன். "ஏய், எங்க போற? என் மூஞ்சி அவ்வளவு மோசமாவா இருக்கு?" என்றாள். கீழக்கரையிலிருந்து கொண்டுவந்த தொதல் என்ற இனிப்பை ஒரு துண்டு வெட்டி என் தட்டில் வைத்தாள். பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. நான் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அப்படியே ஒன்றரை வருடம் போயிற்று.

ஃபர்னஸின் பதிவேட்டை எடுத்துப் புரட்டினேன். முன்பாதி முழுக்க அவள் கையெழுத்து, கோட்டை மதிக்காமல் மேலும் கீழுமாக. 2022 டிசம்பர் வந்ததும் மூடி வைத்துவிட்டேன்.

மதியம் எலுமிச்சை சாதம்.

18 அக்டோபர், புதன்

ஆறு துண்டுகளை உடைத்தேன்.

உடைக்கும் எந்திரம் ஒரு பெரிய ஊசல். சுத்தியலை உயரத்தில் பூட்டி, துண்டைக் கீழே வைத்து, கொக்கியை விடுவிக்க வேண்டும். உடைக்க எவ்வளவு ஆற்றல் செலவாயிற்று என்று முள் சொல்லும். வயதாகாத துண்டு 'தொம்' என்று சுத்தியலைப் பிடித்துக்கொள்ளும். உடைய மனமில்லாமல் முழங்கால் போல மடியும். 220 ஜூல். முதன்முதலில் அதைப் பார்த்தபோது பெனாசிர் கைதட்டினாள். பத்தாயிரம் மணி நேரத்துக்குப் பிறகு எங்களுக்கு 128, லென்காவுக்கு 131. ரகோத்தமன் சார், எங்கள் கைடு, அன்றைக்கு எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

இன்றைக்குத் துண்டுகள் 'டிக்' என்று சாக்பீஸ் போல உடைந்தன. சராசரி 61.

லென்காவின் எண் நேற்றே வந்துவிட்டது. 97.

சுத்தியலில் கோளாறா என்று, எண் தெரிந்த துண்டு ஒன்றை வைத்துப் பார்த்தேன். கோளாறு இல்லை.

23 அக்டோபர், திங்கள். ஆயுத பூஜை

எந்திரங்களைத் துடைத்து எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். ஊசல் சுத்தியலுக்கு ஒரு மாலை. அணைத்துக் கிடக்கும் இரண்டாம் ஃபர்னஸுக்கும் பொட்டு வைத்தேன். சார் சூடம் காட்டினார். பொரி, கடலை, சுண்டல்.

போன வருடம் பூஜைக்குப் பொரி மூட்டை வாங்க பெனாசிரும் நானும்தான் டவுன் பஸ்ஸில் போனோம். திரும்பி வரும்போது, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "டிசம்பர் முதல் வாரம் ஷார்ஜா போறேன். அவருக்கு அங்க வேலை கிடைச்சிருச்சு" என்றாள். சவுக்குத் தோப்பு தாண்டும் வரை நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏதாவது சொல்லேன்டி" என்றாள். "பொரி நமத்துடும், மூட்டையை இறுக்கிக் கட்டு" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

போகும்முன் ஒரு தாளில் பட்டியல் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுப் போனாள். 'நான் இல்லாதபோது பூங்கோதை செய்ய வேண்டியவை.' நான்காவது வரி: 'டிசம்பர் — கருவிப் பிரிவு சேவியர் சாரிடம் போய் ஸ்டாண்டர்ட் கம்பி கேட்டு வாங்கு. கடிக்க மாட்டார்.'

இன்று அலமாரியைத் துடைக்கும்போது அந்தக் கதவை மட்டும் விட்டுவிட்டேன்.

27 அக்டோபர், வெள்ளி

காணொளிக் கூட்டம். திரையில் லென்கா, அவளுடைய பேராசிரியர். இந்தப் பக்கம் சார், நான்.

இரண்டு எண்களில் ஒன்று தவறு. அறிக்கையில் எது போவது என்பதுதான் பேச்சு. சார் பதற்றமில்லாமல் பேசினார். "எங்கள் ஃபர்னஸில் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிள் வருடம் ஒருமுறை சரிபார்க்கப்படுகிறது. டிசம்பர் 2021, டிசம்பர் 2022, இரண்டுக்கும் கையெழுத்திட்ட பதிவு இருக்கிறது. உங்களிடம் இருக்கிறதா?"

லென்கா தன் காகிதங்களைப் புரட்டினாள். அவர்களிடம் 2022-க்கு இல்லை. சரிபார்க்கும் பிரிவு அந்த வருடம் இடம் மாறிக்கொண்டிருந்ததாம். அவள் கழுத்து சிவந்ததைத் திரையிலேயே பார்க்க முடிந்தது. அவளும் என்னைப் போலத்தான், கேட்டால் மட்டும் பேசுகிறவள்.

அப்படியானால் லென்காவின் எண்ணை விட்டுவிடலாம் என்று அவள் பேராசிரியரே சொன்னார். சாரும், "குறைந்த எண்ணை வைத்துக்கொண்டால் எப்படியும் பாதுகாப்பான பக்கம்தான். எஃகு இருப்பதைவிட மோசம் என்று நினைத்துக்கொள்வதில் ஆபத்தில்லை" என்றார். நவம்பர் 17 கூட்டத்தில் முடிவு.

கூட்டம் முடிந்ததும் சார் என்னிடம், "பாத்தியா பூங்கோதை? ஒழுங்கா எழுதி வச்சதுக்குப் பலன்" என்றார்.

28 அக்டோபர்

துணி துவைத்தேன். கடல் காற்றில் கொடிக்கம்பி துருப்பிடித்து, வெள்ளைச் சுடிதாரில் கறை.

31 அக்டோபர், செவ்வாய்

பாதுகாப்பான பக்கம் என்று சார் சொன்னது சரிதான். ஒரு பம்ப்பைச் சீக்கிரம் மாற்றினால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. மாற்றாமல் விட்டால்தான் பயம்.

இதை மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்று முறையும் சரியாகத்தான் இருக்கிறது.

3 நவம்பர், வெள்ளி

மழை. ஆய்வகத்தில் யாரும் இல்லை. இரண்டாம் ஃபர்னஸின் தெர்மோகப்பிளை வெளியே இழுத்துப் பார்த்தேன்.

விரல் தடிமன்கூட இல்லாத உலோகக் குழாய். அதன் நுனிதான் உள்ளே இருக்கும் சூட்டைச் சொல்வது. சூட்டில் கிடந்த பகுதி நிறம் மாறியிருக்கும், ஃபர்னஸ் வாயில்வரை ஒரு கோடு போட்டது போல. இந்தக் குழாயில் இரண்டு கோடுகள் இருந்தன. ஒன்று மங்கலாக, மேலே. இன்னொன்று அழுத்தமாக, இரண்டு விரல் கீழே, நுனிப்பக்கமாக.

2022 நவம்பரில் தரைக்குப் புதிதாகப் பூச்சு போட்டார்கள். நான்கு நாள் ஃபர்னஸை அணைத்து, நகர்த்தி, திரும்ப வைத்தார்கள். அப்போது குழாய் இரண்டு விரல் வெளியே வந்திருக்கிறது. நுனி நடுவில் இல்லாமல் கொஞ்சம் ஆறிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு 350 என்று சொல்லியிருக்கிறது. அப்படியானால் நடுவில் இருந்த துண்டுகளுக்கு எவ்வளவு சூடு?

அதே கோடு வரைக்கும் திரும்பச் செருகி வைத்தேன். கை கழுவினேன். கேன்டீன் மூடிவிட்டது. மாரி பிஸ்கட்.

10 நவம்பர், வெள்ளி

மதியம் பெனாசிர் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேனா என்று கேட்க. குழந்தை பின்னால் கத்திக்கொண்டே இருந்தது.

"நம்ம துண்டெல்லாம் என்ன சொல்லுது?"

"உடைச்சாச்சு."

"எவ்வளவு?"

"அறுபத்தொண்ணு."

"என்னடி இது, நாம கணக்குப் போட்டது நூறு பக்கம்ல? லென்கா?"

"தொண்ணூத்தேழு."

"ஃபர்னஸை நகத்துனாங்கள்ல, நான் கிளம்பறதுக்கு முன்னாடி? டிசம்பர்ல செக் பண்ணப்ப எவ்வளவு காட்டுச்சு?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். பஸ் ஆறு மணிக்கு. அப்போது மணி இரண்டரை.

12 நவம்பர், ஞாயிறு. திருச்செங்கோடு

தீபாவளி. அப்பா ரிக் லாரியோடு ஒடிசாவில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தவர், நேற்றுதான் வந்தார். உள்ளங்கை முழுக்க கிரீஸ் கறை. எண்ணெய் தேய்த்தும் போகவில்லை.

"ஏஞ்சாமி, அந்தப் பட்டம் எப்பக் குடுப்பாங்க?"

"ஜனவரில எழுதிக் குடுத்துருவேன்ப்பா."

"எழுதறது உன்ற வேலைதான? அப்ப ஆச்சுன்னு வெச்சுக்க" என்றார்.

அம்மா முறுக்கு பிழிந்துகொண்டே, "அவ எளச்சுப் போயிருக்கறா, அதப் பாருங்க மொதல்ல" என்றாள். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் பத்தாம் வகுப்பு தாண்டியவர்கள் இல்லை. எனக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் அம்மா, "இரும்பு ஒடைக்கறா" என்று சொல்வாள். இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

15 நவம்பர், புதன்

லென்காவிடமிருந்து மெயில். சாருக்கு அனுப்பி, எனக்கும் நகல்.

'என் ஃபர்னஸின் பதிவுகளை மறுபடியும் பார்த்தேன். தவறு எதுவும் கண்ணில் படவில்லை. ஆனாலும் 2022-க்குச் சரிபார்த்த சான்று இல்லாததால், தவறு என் பக்கம்தான் இருக்க வேண்டும். என் எண்ணை நீக்க ஒப்புக்கொள்கிறேன். என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. நீட்டிப்பார்களா என்று தெரியவில்லை. இரண்டரை வருடம் உங்களோடு சேர்ந்து வேலை செய்தது மகிழ்ச்சி. பூங்கோதைக்கு என் அன்பு.'

தவறு எதுவும் கண்ணில் படவில்லை, ஆனாலும் என் பக்கம்தான் இருக்க வேண்டும். இந்த வாக்கியத்தை எழுத எப்படி அவளுக்குக் கை வந்தது?

எழுதிவிடுகிறேன்.

2022 டிசம்பர் 12, 13, 14. மூன்று நாளும் சேவியர் சாரின் அறை வாசல் வரை போனேன். ஸ்டாண்டர்ட் கம்பி, அதாவது நம்பிக்கையான தெர்மோகப்பிள், அவருடைய பிரிவில்தான் இருக்கும். அதை வாங்கிவந்து ஃபர்னஸின் நடுவில் விட்டு ஒப்பிட வேண்டும். முதல் வருடம் ஒருமுறை தனியாகப் போனபோது, ஆறேழு பேர் முன்னால், "சத்தமாப் பேசும்மா. நீ பேசறது உனக்காவது கேக்குதா?" என்று கேட்டவர் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பெனாசிர்தான் போவாள். நான் பின்னால் நின்று படிவத்தைப் பிடித்துக்கொள்வேன்.

முதல் நாள் அவர் போனில் இருந்தார். இரண்டாம் நாளும் போனில் இருந்தார். மூன்றாம் நாள் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

பதிவேட்டில் 2021-க்கு எதிரே பெனாசிர் 350.3 என்று எழுதியிருந்தாள். அதையே எழுதினால் பார்த்து எழுதியது போலிருக்கும் என்று, 350.2 என்று எழுதினேன். 'சரிபார்க்கப்பட்டது.' கையெழுத்து. தேதி.

அந்தப் புள்ளி இரண்டைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

16 நவம்பர், வியாழன்

காலையில் சாரின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டு, எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். மழைச்சாரல் உள்ளே அடிக்கவில்லை, சும்மா சாத்தினார்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்."

மேசையில் அச்சடித்த அறிக்கை கிடந்தது. அதன் முனையை மடித்து மடித்து நிமிர்த்தினார்.

"உன் தீசிஸ்ல நாலாவது அத்தியாயம் முழுக்க இந்த எண்தான், தெரியும்ல?"

"தெரியும் சார்."

"கடைசிப் பத்தாயிரம் மணி நேரம் போச்சு. என்ன சூட்டுல இருந்துச்சுன்னே தெரியாம அதை எதுக்கும் வச்சுக்க முடியாது." பிறகு, என்னைப் பார்க்காமல், "போன கூட்டத்துல அந்தப் பொண்ணுகிட்ட நான் கேட்ட கேள்வி இருக்கே..." என்று ஆரம்பித்து, முடிக்கவில்லை.

எழும்போது கேட்டார்: "நாளைக்கு நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

"நான் சொல்றேன் சார்."

சத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

17 நவம்பர், வெள்ளி

நான்கு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தேன். தாளை மேசைமேல் வைத்துப் படித்தேன். 'டிசம்பர் 2022-இல் எங்கள் தெர்மோகப்பிளை நான் சரிபார்க்கவில்லை. சரிபார்த்ததாக எழுதினேன். அது தன் இடத்திலிருந்து விலகியிருந்தது. லென்காவின் எண்ணை நீக்க வேண்டாம், எங்களுடையதை நீக்குங்கள்.'

படித்து முடித்த பிறகு யாரும் பேசாததால், நான் ஒலிவாங்கியை முடுக்க மறந்துவிட்டேனோ என்று பயந்து, மறுபடி முதலிலிருந்து படித்தேன். இரண்டாம் முறை பாதியில் சார் என் தோளைத் தொட்டு, "கேட்டுச்சும்மா" என்றார்.

லென்கா திரையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். அவள் பேராசிரியர் ஏதோ செக் மொழியில் அவளிடம் சொன்னார். அவள் தலையாட்டினாள். பிறகு என்னிடம், "நான் என் ஃபர்னஸை நான்கு முறை பிரித்துப் பார்த்தேன்" என்றாள். அவ்வளவுதான். கோபமாகத்தான் சொன்னாள். கோபப்பட வேண்டியதுதான்.

20 நவம்பர், திங்கள்

உண்மையான சூடு எவ்வளவு என்று அளக்க வேண்டும் என்று சார் சொன்னார். குழாயை இருந்த நிலையிலேயே விட்டு, வெறும் ஃபர்னஸைத் திரும்பச் சூடேற்றி, நடுவில் ஸ்டாண்டர்ட் கம்பி விட வேண்டும். ஆக, சேவியர் சார்.

வாசலில் நிற்காமல் நேரே உள்ளே போனேன். நின்றால் திரும்பிவிடுவேன்.

"சார், இரண்டாம் ஃபர்னஸுக்கு ஸ்டாண்டர்ட் வேணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தச் சத்தம் போடற பொண்ணு எங்க?"

"அவ ஷார்ஜா போயி ஒரு வருஷம் ஆகுது சார்."

"அதான் போன டிசம்பர்ல யாரும் வரலையா?" என்று சொல்லிக்கொண்டே தன் பதிவேட்டைத் திறந்து காட்டினார். கம்பி யாருக்கு எந்தத் தேதியில் போனது என்று வரிசையாக இருந்தது. 2022 டிசம்பரில் எங்கள் ஃபர்னஸ் இல்லை. "எல்லாருக்கும் போயிருக்கு. உங்களுக்கு மட்டும் இல்ல."

"அப்பவே கேட்டிருக்கலாமே சார்."

"நல்லா இருக்கே. நீ கேட்டிருக்கலாம்ல?"

என்ன தோன்றியதோ, "நீங்க சத்தம் போடுவீங்கன்னுதான் சார் வரலை" என்று சொல்லிவிட்டேன். அவர் பேனா மூடியைத் திருகித் திறந்தார், மூடினார். பக்கத்தில் இருந்த உதவியாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார். "எனக்கு ஒரு காது கேக்காதும்மா. அதான் எல்லார்கிட்டயும் கத்துறேன்" என்றார் சேவியர் சார். கையெழுத்துப் போடச் சொல்லிக் கம்பியைக் கொடுத்தார்.

மாலை நான்கு மணிக்கு அளவு நிலைத்தது. ஃபர்னஸின் முகப்பில் 350. நடுவில் 366.

பதிவேட்டில் 2022 டிசம்பர் வரியை அழிக்கக் கூடாது. ஒற்றைக்கோடு மட்டும் போட வேண்டும், அடியில் இருப்பதைப் படிக்கும்படி. அதுதான் இங்கே விதி. கோடு போட்டேன். பக்கத்தில் 'சரிபார்க்கப்படவில்லை' என்று எழுதி, இன்றைய தேதியிட்டுக் கையெழுத்திட்டேன். நான் எழுதிய 350.2 இன்னும் நன்றாகத் தெரிகிறது.

22 நவம்பர், புதன்

பெனாசிரைக் கூப்பிட்டுச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நான் அந்தத் தாளை ஒட்டியிருக்கக் கூடாது. உன்னைக் கையோட இழுத்துட்டுப் போயி அவர் முன்னாடி நிறுத்திப் பழக்கியிருக்கணும்" என்றாள். பிறகு, "ஒன்றரை வருஷம் நீ பேச வேண்டியதையும் சேத்து நானே பேசிட்டேன்டி" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். நான்தான் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. சேவியர் சாரின் காதுக் கதையைச் சொன்னதும் அழுகையிலிருந்து நேரே சிரிப்புக்குப் போனாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும், கேன்டீன் மேசை, பிசுபிசுத்த விரல், ஜன்னலோரம் காயும் இரண்டு முகக்கவசங்கள், எல்லாம் அப்படியே வந்தன. அந்த நாட்களை அதிகம் நேசிக்கிறேனா, அவளுக்குப் பின்னால் நான் நின்றதை நேசிக்கிறேனா, தெரியவில்லை.

24 நவம்பர், வெள்ளி

முடிவுகள்: எங்கள் எண் நீங்குகிறது, லென்காவினுடையது நிற்கிறது. பத்தாயிரம் மணி நேரத்தில் எடுத்து உடைக்காமல் வைத்திருந்த ஆறு துண்டுகளை மறுபடி உள்ளே வைத்து, மிச்சப் பத்தாயிரத்தை நான் ஓட்ட வேண்டும். முடிய 2025 ஜனவரி ஆகும். தீசிஸ் அதற்குப் பிறகு. என்மீது எழுத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. சார் அதைக் கையில் கொடுக்கும்போது, "பத்திரமா வச்சுக்கோ" என்றார், ஏதோ சான்றிதழ் போல. லென்காவின் ஒப்பந்தம் பற்றி இன்னும் தகவல் இல்லை.

அப்பாவுக்குப் போன் செய்தேன். சத்தீஸ்கரில் இருந்தார். பின்னால் ரிக் இரைந்தது.

"ஜனவரில இல்லைப்பா. இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்."

"ஏஞ்சாமி? பரீட்சை கிரீட்சை கெட்டுப்போச்சா?"

"பாக்காததைப் பாத்தேன்னு எழுதி வெச்சுட்டேன்ப்பா. இப்ப எல்லாத்தையும் திரும்பச் செய்யணும்."

ரிக் சத்தம் விலகியது, தள்ளிப்போய் நின்றிருப்பார்.

"யார் கண்டுபிடிச்சா?"

"நானேதான் சொன்னேன்."

"வர்ற தைக்கு எம்புள்ள டாக்டராயிருவான்னு ஸ்டேண்டுல எல்லார்த்துகிட்டயுஞ் சொல்லிப் போட்டேன். இங்க கூட வந்த பசங்க ஆறு பேர்த்துகிட்டயும்" என்றார். பிறகு, "செரி, இதென்ன. நாஞ் சொன்னதத்தான மாத்தோணும்? ஒவ்வொருத்தங்கிட்டயா போயி, அது தப்பாச் சொல்லிப் போட்டேன், அடுத்த வருசம்னு சொல்லிக்கறேன். நீ உன்றத மாத்து, நான் என்றத மாத்தறேன்."

"சிரிப்பாங்கப்பா."

"சிரிக்கட்டும். மழையா அங்க? தல நனையாத."

வைத்துவிட்டார். நான் ஆய்வகத்துக்குப் போய் ஆறு துண்டுகளையும் உள்ளே அடுக்கி, குழாயை முழு ஆழத்துக்குச் செருகி, சுவிட்சைப் போட்டேன்.

25 நவம்பர், சனி

காலை ஒன்பது. முகப்பில் 350. ஸ்டாண்டர்டில் 350.7. பார்த்து எழுதியது.